டெல்லிக் குளிரில் வசந்தத்துக்குக் காத்திருப்பது எப்படி: தரையில் ஒரு கணக்கு

நம் ஊரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ டெல்லி வந்து, முதல் குளிர்காலத்தைப் பார்க்கிற பிள்ளைகள் டிசம்பர் கடைசியில் தவறாமல் கேட்பது இதைத்தான்: "அண்ணாச்சி, இது எப்போ முடியும்?" பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் ஹோலி என்பார். செல்போனைப் பார்த்தால் நாளைக்கு 6 டிகிரி என்று காட்டும். ஊருக்குப் போன் போட்டால், "இங்கே ஃபேன் போட்டுத்தான் படுத்திருக்கோம்" என்று வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்கள். இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது தம்பி. உன் வீட்டுத் தரையைப் பார் என்பேன். தெற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று, ஓர் அட்டைப் பெட்டி, கொஞ்சம் டேப். இவ்வளவு இருந்தால் போதும். குளிர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே சூரியன் திரும்பிவிட்டதைத் தரையில் கண்ணால் பார்த்துவிடலாம். அதைப் பார்த்தவனுக்கு ஜனவரியைத் தாண்டுவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை.

நான் கோவில்பட்டிக்காரன். மத்தியப் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மயூர் விஹாரில் மூன்றாம் மாடி. எதைப் பார்த்தாலும் கோடு போட்டு அளந்து தேதி எழுதி வைப்பது பழக்க தோஷம். அதனால்தான் இந்த வழி எனக்குப் பிடித்துப்போனது.

முதலில் ஒரு விஷயம். கோவில்பட்டியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே சூரியன் திரும்புவதை யாரும் கவனிக்க வேண்டிய தேவையே கிடையாது. டெல்லியில் டிசம்பர் 21 அன்று பகல் சுமார் 10 மணி 19 நிமிடம். ஜூன் 21 அன்று 14 மணிக்கு ஓரிரு நிமிடம் குறைவு. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, டெல்லி 28.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. கணக்கு போட்டால், டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் சூரியன் அடிவானத்திலிருந்து வெறும் 38 டிகிரி உயரத்தில் நிற்கும். மார்ச் 20 அன்று அது 61 டிகிரி. ஜூனில் 85 டிகிரி. முழுசாகத் தலைக்கு நேர் மேலே இங்கே என்றைக்கும் வராது. சென்னையில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் நிழலில்லா நாள் டெல்லிக்குக் கிடையாது.

சூரியனுக்குப் பூமி தூரமாகப் போவதால் குளிர்கிறது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை தலைகீழ். ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜூலையைவிடச் சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் பக்கம். நடுங்க வைப்பது சாய்வுதான்.

ஜன்னலில் ஓட்டை

இதை நிதானமாகச் செய்ய வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெற்கு ஜன்னலின் மேல் கண்ணாடியில், ஒன்றரை இரண்டு அடி அளவுள்ள அட்டையை டேப் போட்டு ஒட்டுங்கள். ஆன்லைனில் சாமான் வாங்கி வந்த பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும், அதையே வெட்டிக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன், அட்டையின் நடுவில் இரண்டு அங்குலச் சதுரம் வெட்டி, அதன்மேல் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒட்டி, அந்தத் தாளில் பென்சில் முனையால் ஒரு ஓட்டை போடுங்கள். ஐந்து ஆறு மில்லிமீட்டர் போதும். நேராக அட்டையிலேயே குத்தினால் ஓரம் பிசிறடித்து வெளிச்சம் கலங்கும். ஜன்னலில் கம்பி இருந்தால் ஓட்டை இரண்டு கம்பிக்கு நடுவில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சரியாகப் பன்னிரண்டேகால் மணிக்குக் கம்பி வந்து குறுக்கே நிற்கும்.

ஓட்டை தரையிலிருந்து ஆறடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டைக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நூலில் பழைய சாவி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடி நின்ற இடத்தைக் குறித்துவிடுங்கள். அதுதான் பூஜ்யம். எல்லா அளவும் அங்கிருந்துதான்.

வெயில் அடிக்கும் நாளில் உச்சிப்பொழுது நெருங்கும்போது அறைக்குள் போய்ப் பாருங்கள். அட்டையின் நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்ச வட்டு விழுந்திருக்கும். அது ஓட்டையின் வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டை சதுரமாக இருந்தாலும் தரையில் விழுவது சூரியனின் உருவம்தான். டிசம்பரில் சாய்வாக விழுவதால் முட்டை மாதிரி நீண்டிருக்கும். மார்ச்சுக்குள் ஏறக்குறைய வட்டமாகிவிடும். குனிந்து அதன் ஓரத்தில் விரலை வைத்துக் காத்திருங்கள். நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கிழக்குப் பக்கமாக ஊர்ந்து போவது தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த பூமி சுழற்சியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன் என்று ஐ.டி. கம்பெனியில் இருக்கிற ஒரு தம்பி சொன்னான். ஓட்டை வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். பனிமூட்டம் மறைத்து மங்கலாகத் தெரிந்தாலும் கூடாது. தரையில் விழுவதை மட்டும் பாருங்கள்.

உச்சிப்பொழுது என்றால் கடிகாரத்தில் 12 மணி இல்லை. நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. டெல்லி 77.2 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிடம் வீதம் சூரியன் இங்கே 21 நிமிடம் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். அதிலும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். எளிய வழி ஒன்று இருக்கிறது. அன்றைய சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டையும் போனில் பார்த்து நடுவை எடுங்கள். டிசம்பர் 21 அன்று 7.10க்கு உதயம், 5.29க்கு அஸ்தமனம் என்றால் நடு 12.20. பிப்ரவரி நடுவில் அது 12.35 ஆகிவிடும். மார்ச் 20 வாக்கில் 12.29. ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரைப் பார்க்காதீர்கள், அது நம் ஊர் உதயம். (ராகு காலத்துக்கும் இதே கதைதான். பகலை எட்டாகப் பிரித்தால் டிசம்பர் டெல்லியில் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம் வராது, ஒன்றேகால் மணிக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். இதைச் சொல்லி வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில், வட்டின் நடுவில் சின்ன டேப் துண்டு ஒட்டி அதன்மேல் தேதியை எழுதுங்கள். வாடகை வீட்டில் பென்சிலும் வேண்டாம், மார்க்கரும் வேண்டாம், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆறடி ஓட்டைக்கு என்ன வரும் என்று சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 21 அன்று வட்டு சுவரிலிருந்து ஏழு அடி எட்டு அங்குலத்தில் இருக்கும். அதுதான் எல்லை, அதற்கு மேல் உள்ளே வராது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அரை அங்குலம் பின்வாங்கியிருக்கும், அவ்வளவே. பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் அட்டையைப் பிய்த்துப் போடுவார்கள். திரும்பும் இடத்தில் எந்த வண்டியும் வேகம் குறைக்கத்தானே செய்யும்? ஜனவரி இரண்டாம் வாரம் வாரத்துக்கு மூன்று அங்குலம் நகரும். பொங்கலன்று ஏழு அடி ஒன்றரை அங்குலம். பிப்ரவரி பிறக்கும்போது ஆறடி இரண்டு அங்குலம். பிப்ரவரியில் வாரத்துக்கு ஐந்து அங்குலம் வீதம் ஓட ஆரம்பித்து, மார்ச் 20 அன்று மூன்றேகால் அடியில் வந்து நிற்கும். ஓரடி டைல்ஸ் போட்ட தரையாக இருந்தால் அளவு நாடாவே தேவையில்லை. எட்டாவது கல்லில் இருந்தது நாலாவது கல்லுக்கு வந்துவிட்டது என்று சமையலறையில் இருப்பவர்களுக்கு இங்கிருந்தே குரல் கொடுக்கலாம்.

தெற்கு ஜன்னல் இல்லாதவர்கள், பி.ஜி. என்கிற வாடகை விடுதியில் ஒரே கட்டிலில் வாழ்க்கை நடத்துகிறவர்கள், மொட்டை மாடிக்குப் போங்கள். அங்கே ஒரு கம்பு போதும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சூரியன் திரும்பிய பிறகு குளிர் ஏன் ஏறுகிறது

கணக்கு சரி, ஆனால் ஜனவரி முதல் பாதியில்தானே டெல்லி மோசமாகக் குளிர்கிறது? ஆமாம். டிசம்பர் 21 முதல் பகல் நீள ஆரம்பித்தாலும், பகலில் நிலம் வாங்கும் சூட்டைவிட ராத்திரியில் இழக்கும் சூடு இன்னும் சில வாரங்களுக்கு அதிகமாகத்தான் இருக்கும். வரவு ஏற ஆரம்பித்துவிட்டது, செலவு இன்னும் அதற்கு மேலே நிற்கிறது. கையிருப்பு குறையத்தான் செய்யும். டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அளக்கும் ஜனவரிக் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 7 டிகிரியை ஒட்டியது. அதற்கும் கீழே நாலு, மூன்று என்று இறங்கும் ராத்திரிகளும் உண்டு.

ராத்திரிக் குளிரைவிட எனக்குப் பகல் குளிர்தான் ஆகாது. பனிமூட்டம் மேலே போர்த்திக்கொண்டால் வெயில் அதில் பட்டுத் திரும்பிப் போய்விடும், தரைக்கு வராது. மத்தியானம் இரண்டு மணிக்கும் 12, 13 டிகிரி. வானிலைத் துறை இதற்கென்றே 'குளிர் நாள்' என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறது. குறைந்தபட்சம் 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்து, அதிகபட்சம் வழக்கத்தைவிட நாலரை டிகிரி குறைந்தால் அது குளிர் நாள். இப்படிப்பட்ட நாட்களில் தரையில் வட்டு விழாது. விழாத ஞாயிறை விட்டுவிட்டு அடுத்து வெயில் வரும் நாளில் குறியுங்கள். பத்து நாள் கழித்து மூட்டம் விலகியதும் பார்த்தால் அது நம்மைக் கேட்காமலே நாலைந்து அங்குலம் பின்னே போயிருக்கும். மூட்டத்துக்கு மேலே வேலை நிற்கவில்லை.

இன்னொரு குழப்பம், காலையும் மாலையும் ஒன்றாகத் திருந்துவதில்லை. டெல்லியில் சீக்கிரமான அஸ்தமனம் டிசம்பர் 21 அன்று வருவதில்லை. டிசம்பர் தொடக்கத்திலேயே 5.24 வாக்கில் வந்து முடிந்துவிடும். அதன்பின் சாயங்காலம் மெல்ல நீளும். ஆனால் காலை உதயம் ஜனவரி இரண்டாம் வாரம் வரை தள்ளிக்கொண்டே போய் 7.15ஐத் தொடும். சூரியன் உச்சிக்கு வரும் நேரமே அந்த நாட்களில் தினமும் அரை நிமிடம் போலத் தள்ளிப்போவதுதான் காரணம். ஆகவே ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்கு விடிவு முதலில். பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்றுகிறவர்கள் தை பிறக்கும்வரை இருட்டில்தான் நிற்க வேண்டும்.

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பதை டெல்லியில் நம்பலாமா என்றால், நம்பலாம். ஆனால் வழி டிசம்பரிலேயே பிறந்துவிடுகிறது. உத்தராயணம் என்று நாம் தை முதல் நாளைக் கொண்டாடுகிறோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நடுவில் இருக்கும் மூன்றரை வாரத்துக்குக் காரணம், நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டை அளப்பது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருப்பதால் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி வீதம் இரண்டும் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கராந்தியும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. அதற்காகப் பொங்கலை மாற்றச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. குளிரில் பொங்கிய பானைச் சூட்டுக்கு முன்னால் நின்றவனுக்குத்தான் அந்தப் பண்டிகையின் அருமை தெரியும். முந்தின ராத்திரி பஞ்சாபிக்காரர்கள் லோஹ்ரி என்று தெருவில் நெருப்பு மூட்டுவார்கள். வெட்கப்படாமல் போய் நில்லுங்கள், கையில் கடலையும் எள்ளு வெல்லமும் திணிப்பார்கள்.

வானத்தோடு ஒத்துப்போகும் காலண்டரும் நம்மிடம் இருக்கிறது. விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்த தேசியக் காலண்டர், சக ஆண்டு. மத்திய அரசின் கெஜட்டில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் இன்றும் அந்தத் தேதி இருக்கும். அதில் சைத்ர மாதம் மார்ச் 22, பௌஷ மாதம் டிசம்பர் 22. பகலும் இரவும் சமமாகும் நாள், சூரியன் திரும்பும் நாள் இரண்டையும் ஒட்டியே மாதம் பிறக்கிறது. கெஜட்டுக்கு வெளியே பெரும்பாலும் யாரும் அதைச் சீந்துவதில்லை என்பது வேறு விஷயம்.

அதுவரை நாட்களை ஓட்டுவது

காலையில் நடக்கப் போகாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் காற்றில் புகையும் தூசியும் தரையோடு தேங்கி நிற்கும். மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருப்பதால் அது மேலெழும்பாது. மத்தியானம் வெயில் வந்த பிறகு நடங்கள். டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) பூங்காவுக்குப் போனால் பெரியவர்கள் முதுகைச் சூரியனுக்குக் கொடுத்துச் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நல்ல வெயில் இருக்கும். தள்ளுவண்டியில் மண்ணில் வறுத்த கடலை கிடைக்கும், எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் கஜக் கிடைக்கும். கஜக் நன்றாகத்தான் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு முன் நிற்குமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நான் நடுநிலையாளன் இல்லை.

பிள்ளைகள் உண்மையில் கண்கலங்குவது இட்லி மாவு பொங்காத அன்றைக்குத்தான். என் மனைவியின் முறையைச் சொல்கிறேன். அரிசி உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வெந்தயம் ஒரு ஸ்பூன் கட்டாயம், ஒரு கைப்பிடி அவலும் சேர்த்து அரைக்கலாம். கையால்தான் கரைக்க வேண்டும். உப்பு அப்போதே போடக் கூடாது. உப்பு புளிப்பை மெதுவாக்கும், ஆகவே பொங்கிய பிறகுதான். மாவுப் பாத்திரத்தைச் சுடுதண்ணீர்ப் பையோடு ரஜாய்க்குள் (பஞ்சு அடைத்த கனமான போர்வை) சுற்றிக் கட்டில் மூலையில் வைத்துவிடுவார். ஓவன் இருக்கிறவர்கள் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைக்கலாம். அப்படியும் பதினாலு பதினாறு மணி நேரம் ஆகும். தயிருக்குப் பாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில் உறை ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி வைக்க வேண்டும்.

இதிலேயே ஒரு தெர்மாமீட்டரும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நவம்பரில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டியானது, தானாக உருகி நிற்கும் காலையைக் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சற்று முன்பின்னாக, ரஜாய் இல்லாமலே ராத்திரியோடு மாவு பொங்கிவிடும். இவை இரண்டும் நடந்தால் குளிர் போய்விட்டது. வேறு யார் சொன்னாலும் எனக்குக் கணக்கில்லை. பக்கத்து வீட்டு அம்மா வசந்த பஞ்சமி வந்ததும் "ஆயா பசந்த், பாலா உடந்த்" என்பார். வசந்தம் வந்தது, குளிர் பறந்தது என்று அர்த்தம். மஞ்சள் உடுத்தி மஞ்சள் சாதம் செய்து ஒரு கிண்ணம் நமக்கும் அனுப்புவார். நிஜாமுதீன் தர்காவிலும் அந்த நாட்களில் கடுகுப் பூவோடு பாடிக்கொண்டு போவார்கள், போய்ப் பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் வசந்த பஞ்சமி சில வருடம் ஜனவரிக் கடைசியிலேயே வந்துவிடும். அன்றைக்கு எங்கள் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது.

மாடியில் ஒரு கம்பு

மார்ச் 20ஐ ஒட்டி ஒருமுறையாவது மொட்டை மாடியில் இதைச் செய்து பாருங்கள். பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பி, மாப்புக் கட்டையை அதில் நட்டு, நூல் கட்டிய சாவியால் செங்குத்து பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்றரை வரை, அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு இரண்டு பேர் நூலின் இரு முனையைப் பிடித்துப் புள்ளிகள்மேல் வையுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் வரும். அந்தக் கோடு சுத்தமான கிழக்கு மேற்கு. ஆண்டில் இரண்டு தடவைதான் இப்படி, மார்ச்சிலும் செப்டம்பரிலும். டிசம்பரில் செய்தால் புள்ளிகள் வளைந்து இரு முனையும் வடக்கே ஓடும். ஜூனில் தெற்கே வளைந்து கம்பைச் சுற்றி வரப் பார்க்கும். ஒரு மீட்டர் கம்பாக இருந்தால் உச்சிப்பொழுது நிழல் டிசம்பர் 21 அன்று 128 சென்டிமீட்டர், மார்ச் 20 அன்று 55, ஜூன் 21 அன்று வெறும் 9.

கோல் நட்டு நிழல் பார்க்கும் வேலை நமக்குப் புதிதில்லை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் வகுக்கும்போது, உச்சிப்பொழுதில் இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து, நூல் தெரிந்தவர்கள் கயிறு பிடிப்பதாக வருகிறது. வாடைக் காற்றில் ஊரே விறைத்துக் கிடக்க, போருக்குப் போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் பாட்டு அது. டிராயிங் போர்டில் குனிந்தே கிடந்த எனக்கு அந்தக் கயிறு பிடிக்கும் வரிகளில்தான் முதலில் கண் போனது.

பகலும் இரவும் சமமாகும் நாள் என்று மார்ச் 20ஐச் சொன்னாலும், போனில் அன்றைய நேரத்தைப் பார்த்தால் உதயம் 6.25, அஸ்தமனம் 6.32 என்றிருக்கும். பகல் ஏழு நிமிடம் கூடுதல். சூரியனின் மேல் விளிம்பு எட்டிப் பார்த்ததுமே உதயம் என்று கணக்கு வைக்கிறோம். காற்று மண்டலமும் ஒளியை வளைத்து, இன்னும் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனை மேலே காட்டிவிடுகிறது. அதனால் டெல்லியில் சரிபாதி நாள் மூன்று நாலு நாள் முன்னாலேயே வந்து போய்விடும்.

பிப்ரவரியில் வெயிலான ஒரு ஞாயிறு கிடைத்தால் ஜந்தர் மந்தர் என்ற பழைய வான ஆய்வுக்கூடத்துக்குப் போய்வாருங்கள். ராஜா இரண்டாம் ஜெய்சிங் 1724இல் கட்டியது. அங்கிருக்கும் சாம்ராட் யந்திரம் என்கிற சூரியக் கடிகாரம் 70 அடி உயரம். அதன் சாய்வுச் சுவர் டெல்லியின் அட்சரேகைக் கோணத்திலேயே சாய்ந்து துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்கிறது. சுவரின் நிழல் இருபுறமும் உள்ள வளைவில் விழும் இடம் டெல்லியின் சொந்த நேரம். அளவுக் கோடுகள் தேய்ந்திருந்தாலும், நிழல் ஒரு வளைவைவிட்டு மற்றதற்கு மாறும் கணத்தைப் பார்க்க முடியும். அப்போது உங்கள் கடிகாரம் 12.35 காட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு இதை விளக்க ஆரம்பித்தீர்களானால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள், வழிகாட்டிக்குக் கோபம் வரும்.

வசந்தம் வந்தால் உடனே கிளம்புங்கள்

நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். டெல்லியில் அந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுதால் வசந்தத்தைத் தவறவிடுவீர்கள். சித்திரை பிறக்கும்போது இங்கே அனல் அடிக்க ஆரம்பித்திருக்கும். இங்கே வசந்தம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ஓட்டைக் கணக்கில் ஐந்தரை அடியிலிருந்து மூன்றரை அடி வரை. அவ்வளவுதான் கிடைக்கும், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

பிப்ரவரியிலேயே மந்தாரை பூத்துவிடும். அமிர்தத் தோட்டம் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கும் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறப்பதும் அப்போதுதான். சாந்தி பத்தில் டியூலிப் வைத்திருப்பார்கள். கூட்டம் பூவைவிட அதிகம், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. என்னைக் கேட்டால் இலவ மரத்தைப் பாருங்கள் என்பேன், ஹிந்தியில் செமல். இலை ஒன்றுகூட இல்லாத கிளையில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ, கனமான சதைப்பற்றான இதழ். விழும்போது 'தொப்' என்று சத்தம் கேட்கும். கீழே நிறுத்திய கார் பாவம். காக்கை, மைனா, அணில் எல்லாம் தேனுக்கு அதில்தான் கிடக்கும். காலை எட்டு மணிக்குப் போய்க் கீழே நில்லுங்கள். அதன்பின் மார்ச்சில் வேம்பும் அரசும் இலையைக் கொட்டும். வசந்தத்தில் இலையுதிரா என்று புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். ஆமாம், இங்கே இரண்டும் சேர்ந்துதான் வரும். ஒரு வாரம் தெருவெல்லாம் சருகு, அடுத்த வாரம் அரசந்தளிர் செம்பு நிறத்தில் மின்னும். பங்குனி உத்திரத்துக்கு ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போகும்போது ஸ்வெட்டர் தேவையிருக்காது. சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே மரங்களையும் பார்த்துக்கொண்டு வரலாம்.

ரஜாயைக் கட்டி வைப்பதில் அவசரம் வேண்டாம். மார்ச் முதல் வாரத்திலும் மேற்கிலிருந்து ஒரு மழை மேகம் வந்து இரண்டு ராத்திரி திரும்பக் குளிர வைத்துவிட்டுப் போகும். ஹோலி தாண்டட்டும். பிறகு இரண்டு நாள் மாடியில் புரட்டிப் புரட்டிக் காய வைத்து, உதிரும் வேப்பிலையையே உலர்த்தி நடுவில் வைத்துப் பழைய வேட்டியில் சுற்றித் திவான் பெட்டிக்குள் போடுங்கள். நாப்தலீன் உருண்டையைவிட அது மேல், அடுத்த நவம்பரில் எடுக்கும்போது தும்மல் வராது.

சித்திரை முதல் நாள் வட்டு சுவரிலிருந்து இரண்டடி ஓர் அங்குலத்தில் இருக்கும். ஜன்னலுக்கு மேலே சஜ்ஜா நீட்டிக்கொண்டிருந்தால் அதுகூட வராது, அது வெயிலை மறைக்க ஆரம்பித்திருக்கும். தேதி எழுதிய டேப் துண்டுகளை விட்டுவிடுங்கள், வருகிற டிசம்பரில் மறுபடி அதே இடத்துக்கு வருகிறதா என்று சரிபார்க்கலாம். அட்டையை எடுத்துவிட்டு, ஏர் கூலரின் பக்கங்களில் வைக்கும் புல்லை மாற்றுகிற ஆளுக்கு அன்றைக்கே போன் போட்டுவிடுங்கள். மே பிறந்துவிட்டால் அவர் போனை எடுக்கமாட்டார்.